மாப்பிள்ளையின் கால்: ஒரு சிறு சரித்திரம்



வாலிகண்டபுரம் என்று எழுத ஆரம்பித்தாலே ரஞ்சன்குடிக் கோட்டை, 1751-ல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கே மோதிக்கொண்ட கதை, வாலீஸ்வரர் கோயில் தூண்கள் என்று நான் போய்விடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அதெல்லாம் இல்லை. இன்று கால்களின் சரித்திரம்.

சமயபுரம் சித்திரைத் தேருக்கு முன்னால் எங்கள் ஊர் வழியாக மஞ்சள் உடுத்திய கூட்டம் கூட்டமாகப் பாதயாத்திரை போவார்கள். சாலையோரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகத்தைவிடக் கால்தான் முதலில் கண்ணில் படும். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டொருவருக்குக் கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாக நரம்பு சுருட்டிக்கொண்டு மண்புழு போலப் புடைத்திருக்கும். சிலருக்குக் கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் தோல் கறுத்து, தடித்து, மினுமினுவென்று இருக்கும். நாற்பது வருஷமாக இந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முயன்றது என் மைத்துனர் காலைப் பார்த்த பிறகுதான்.

மைத்துனர் என் மனைவிக்குத் தம்பி. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தைந்து வருஷம் சேலைப் பிரிவில் நின்றவர். நின்றவர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை, சாப்பிடும் நேரம் போக, நிற்க வேண்டியதுதான். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபோது இடது கணுக்காலுக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். சர்க்கரைப் புண் என்று எல்லோரும் முடிவு செய்தோம். சோதித்தால் சர்க்கரை இல்லை. அவர் வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு, விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பெருநோய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

பிறகு ஒரு மருத்துவர் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கால் விரலிலிருந்து முழங்கால் வரை இறுக்கமான கட்டுப் போடச் சொன்னார். நான்கு மாதத்தில் புண் மூடியது. அன்று நான்தான் சொன்னேன்: "அதான் ஆறிடுச்சே மாப்பிள்ளை, இந்த வெயில்ல இன்னும் எதுக்கு இந்தக் கட்டு? கழட்டிப் போடுங்க." அவரும், "சரிங்க மாமா" என்று கழற்றிவிட்டார். எட்டு மாதத்தில் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாகப் புண் வந்தது.

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்குத் தெரியாத விஷயத்தில் குறிப்பு எழுதக் கூடாது என்பது தெரியும். அன்று எழுதிவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் படித்ததுதான் கீழே வருவது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த மொழிப் புத்தகங்களும் கொஞ்சம் உதவின.

முதலில் பெயர். நம் பக்கத்தில் இரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்வோம். பள்ளிப் பாடத்தில் இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோவது தமனி, திரும்பக் கொண்டுவருவது சிரை. சுருட்டிக்கொள்வது சிரை. வெரிகோஸ் வெயின் என்று இப்போது எல்லோரும் சொல்வது இதைத்தான்.

காலிலிருந்து இரத்தம் இருதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். சிரைகளுக்குள்ளே வழிநெடுகச் சின்னச் சின்னக் கதவுகள், அதாவது வால்வுகள், மேலே போகத் திறந்து, கீழே இறங்கவிடாமல் மூடிக்கொள்ளும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளும். நாம் இரத்த அழுத்தம் பார்க்கும் அதே பாதரசக் கணக்கில் சொன்னால், அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் இருக்கும். நல்ல கால் என்றால் சில எட்டுகள் நடந்ததுமே 30-க்கும் கீழே இறங்கிவிடும். கெட்டுப்போன காலில் நடந்தாலும் இறங்காது.

இந்த நோய் மனிதன் இரண்டு காலில் நின்ற நாளிலிருந்து இருக்கும் போலிருக்கிறது. ஏதென்ஸ் நகர அருங்காட்சியகத்தில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கற்சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு மனிதன் தன்னளவுக்குப் பெரிய ஒரு காலைக் கட்டிப்பிடித்து நிற்கிறான், அந்தக் காலின் உட்புறம் நீளமாக ஒரு சிரை புடைத்து ஓடுகிறது. நோய்தீர்க்கும் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை அது. படத்தைப் பார்த்ததும் எனக்குச் சமயபுரம் நினைவு வந்தது. அங்கேயும் கால், கை, கண் என்று வெள்ளித் தகட்டில் உருவம் வாங்கி உண்டியலில் போடுகிறோம்.

நம் நாட்டில் சுசுருதர் பெயரால் வழங்கும் அறுவை மருத்துவ நூலில் சிரைகளில் வரும் முடிச்சுக்குத் தனிப் பெயரே உண்டு, சிராஜ கிரந்தி. உடல்வலு இல்லாதவர் அளவுக்கு மீறி உழைத்தால் வாதம் கெட்டு, சிரைகளின் வலையை நெருக்கிச் சுருக்கி முடிச்சாக்கும் என்பது அதன் விளக்கம். உழைப்போடு இந்த நோயைச் சேர்த்துப் பார்த்த அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது.

ரோமில் ஏழு முறை கான்சலாக இருந்த மாரியஸ் என்ற தளபதியின் இரண்டு காலிலும் இந்தச் சுருட்டல் இருந்ததாம். கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு காலை நீட்டி, முனகாமல் அறுத்துக்கொண்டார். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது, இந்த வலிக்கு இந்தக் குணம் தகாது என்று மறுத்துவிட்டார். புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

இவர்கள் எல்லோரும் பார்த்தது வெளியே தெரியும் புடைப்பைத்தான். உள்ளே முதலில் எட்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் இத்தாலியில் பதுவா நகரத்து ஃபப்ரீசியுஸ். சிரைகளின் கதவுகளைப் பற்றிப் படங்களோடு 1603-ல் நூல் வெளியிட்டார். அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி, அந்தக் கதவுகள் ஒரே திசையில் திறப்பதைக் கவனித்து, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் நிறுவினார். அதற்குப் பின் விளக்கம் சுலபமானது: கதவு பழுதானால் இரத்தம் கீழே இறங்கித் தேங்கும், சிரை புடைக்கும். 1890-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க், தொடையில் உள்ள பெரிய மேற்சிரையைக் கட்டி அடைத்துவிட்டால் கீழ்நோக்கிய இறக்கம் நிற்கும் என்று காட்டினார். இன்று செய்யும் அறுவை, லேசர் சிகிச்சைகளுக்கெல்லாம் அந்த யோசனைதான் மூலம்.

இதற்கிடையில் இன்னொரு வைத்தியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருந்தது. அதுதான் கட்டு. 16-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் மன்னர்களின் அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே காற்புண்ணுக்குக் கட்டுப் போட்டார். இங்கிலாந்து அரசரின் மருத்துவர் ரிச்சர்ட் வைஸ்மன் 1676-ல் கயிறு கோத்து இறுக்கும் தோல் காலுறையைப் பற்றி எழுதினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உன்னா என்ற தோல் மருத்துவர் துத்தநாகப் பசை தடவிய கட்டைக் கொண்டுவந்தார். இப்போது கடையில் விற்கும் அழுத்தக் காலுறைக்கு வழிவகுத்தவரோ மருத்துவரே அல்ல. அமெரிக்காவில் குடியேறிய கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற ஜெர்மன் பொறியாளர். அவருக்கே இந்தக் காற்புண் இருந்தது. நீச்சல் குளத்துத் தண்ணீரில் நிற்கும்போது கால்வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது. அதேபோலக் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் செய்தார்.

கட்டு ஏன் குணமாக்குகிறது? புடைத்த சிரையை ஒடுக்கி இரத்தத்தை மேலே தள்ளுவதால் என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். அது சரிதான், ஆனால் பாதிக் கதை. கதவு ஏன் பழுதாகிறது, தோல் ஏன் கறுக்கிறது, மூடிய புண் ஏன் திரும்ப வருகிறது என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. மீதிக் கதை, இரத்தக் குழாயின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஒரு படலத்தில் இருந்தது.

ஒரே ஒரு செல் கனமுள்ள படலம் அது. தலைமயிரின் கனத்தில் சிறு பங்குகூட இருக்காது. 1865-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறு அறிஞர் அதற்கு எண்டோதீலியம் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதைப் பலர் குழாய்க்குள் பூசிய சுண்ணாம்புப் பூச்சு போலத்தான் நினைத்தார்கள்.

அந்த எண்ணம் மாறியது நியூயார்க்கில். ராபர்ட் ஃபர்ச்காட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் முயலின் இரத்தக் குழாயை ஒரு மருந்தில் வைத்தால் சுருங்கும். ஒருநாள் சோதனையின் வரிசை தவறிப்போனதில், அதே மருந்துக்கு அது தளர்ந்தது. ஏன் என்று தேடியபோது, குழாய்த் துண்டைத் தயார் செய்யும்போது உட்படலம் உரசி நீங்கிவிட்டால் சுருங்குகிறது, படலம் இருந்தால் தளர்கிறது என்று தெரிந்தது. 1980-ல் அதை வெளியிட்டார்கள். படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னர் தெரிந்து, 1998-ல் ஃபர்ச்காட் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிரைக்குப் பிரெஞ்சு மருத்துவர்கள் முன்பே செய்துவந்த ஒரு சிகிச்சையும் இப்போது எனக்குப் புரிந்தது. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் பாரிஸில் சிகார் என்ற மருத்துவர், மேகநோய்க்கு ஊசி போட்ட சிரைகள் இறுகி அடைபடுவதைக் கவனித்து, சுருண்ட சிரைகளை அடைக்கவே ஊசி போடலானார். அந்த ஊசி மருந்து செய்யும் வேலை, உட்படலத்தை வேண்டுமென்றே அழிப்பது. படலம் போனால் சிரை ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடும். படலம் இருக்கும்வரைதான் சிரை சிரையாக இருக்கும்.

இனி நம் மாப்பிள்ளையின் காலுக்கு வருவோம். 1982-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் பிரவுஸ், பர்னாண்ட் இருவரும், அழுத்தம் கூடிய காலில் நுண்குழாய்களைச் சுற்றி ஃபைப்ரின் என்ற புரதம் உறைபோலப் படிந்து பிராணவாயுவைத் தடுக்கிறது என்றார்கள். 1988-ல் அதே லண்டனில் கொல்ரிட்ஜ் ஸ்மித் குழுவினர், தேங்கி நிற்கும் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் நுண்குழாயின் படலத்தில் ஒட்டிக்கொண்டு வேண்டாத பொருள்களைக் கக்குகின்றன என்றார்கள். உறைக் கதை பின்னால் வலுவிழந்தது. வெள்ளை அணுக் கதை விரிந்து வளர்ந்து, இன்றைய விளக்கத்துக்கு அடிப்படையாயிற்று.

அதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஏரி வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் கரை சுத்தமாக இருக்கும். நின்றால் பாசி பிடிக்கும். சிரையிலும் அப்படித்தான். இரத்தம் ஒழுங்காக உரசி ஓடும்போது உட்படலம் அமைதியாக இருந்து, குழாயைத் தளர்த்தும் பொருளைச் சுரந்து, எதையும் ஒட்டவிடாமல் வைத்திருக்கும். அதன்மேல் சர்க்கரைப் பொருளால் ஆன மெல்லிய மெழுகு போன்ற மேற்பூச்சு ஒன்றும் உண்டு. இரத்தம் தேங்கி, அழுத்தம் ஏறி, குழாய் இழுபட்டால், அந்தப் பூச்சு தேயும். படலம் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, வெள்ளை அணுக்களைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகளை வெளியே நீட்டும். ஒட்டிய வெள்ளை அணுக்கள் சுவருக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் புகுந்து, அவற்றைக் கட்டி வைத்திருக்கும் நார்களை அரிக்கும். சுவர் தளரும், கதவு சுருங்கிப் பொருந்தாமல் போகும். இரத்தம் மேலும் தேங்கும். ஒன்றுக்கொன்று காரணமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தோலின் நுண்குழாய்களிலும் இதே கதை. படலத்தின் செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, நீர் கசிந்தால் வீக்கம். சிவப்பு அணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச் சத்து தோலில் படிந்தால் கறுப்பு. தோல் கெட்டிப்பட்டு, ஒருநாள் வெடித்தால் புண். அழுத்தம் கணுக்காலருகே கூடுதல் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

1994-ல் ஹவாய்த் தீவில் பல நாட்டு மருத்துவர்கள் கூடி இந்த நோய்க்கு ஒரு படிக்கட்டு வகுத்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாத நிலை 0, திறந்த புண் 6, ஆறிய புண் 5. ஆறிய புண்ணை அவர்கள் பூஜ்யத்தில் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூடியது தோல்தான். உள்ளே கதவு பழுது, அழுத்தம், கலங்கிப்போன படலம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கட்டு இருக்கும்வரை ஓட்டம் சீராகி, அழுத்தம் இறங்கி, அழற்சி தணிந்திருக்கிறது. கட்டை அவிழ்த்தால் எல்லாம் பழையபடி தொடங்கும். "அதான் ஆறிடுச்சே மாப்பிள்ளை" என்று நான் சொன்னபோது தெரியாமல் போனது இதுதான்.

கட்டு மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004-ல் வெளியாயிற்று. கட்டு மட்டும் போட்டவர்களுக்கும், கட்டோடு மேற்சிரை அறுவையும் செய்துகொண்டவர்களுக்கும் புண் ஆறுவதில் வித்தியாசமில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குள் புண் திரும்பியது முதல் கூட்டத்தில் 28 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். 2018-ல் வந்த இன்னொரு ஆய்வில், புண் இருக்கும்போதே சிரையை அடைத்துவிட்டால் புண் ஆறும் நாளும் குறைகிறது என்று தெரிந்தது. ஆகவே கட்டும் வேண்டும், ஏற்றவர்களுக்குச் சிகிச்சையும் வேண்டும். ஒரு எச்சரிக்கை: தமனியில் ஓட்டம் குறைந்தவர்களுக்கு இறுக்கமான கட்டு ஆபத்து. சோதித்துப் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே போட வேண்டும். என்னைப் போன்றவர் பேச்சைக் கேட்டு அவிழ்க்கவும் கூடாது, போடவும் கூடாது.

இதைப் படிக்கையில் என் மனம் திரும்பத் திரும்ப அந்த ஜவுளிக்கடைக்கே போயிற்று. முப்பத்தைந்து வருஷம் நின்றதால் மட்டுமே வந்தது என்று சொல்ல முடியாது. பரம்பரை, வயது, உடல் பருமன், பெண்களுக்குப் பிள்ளைப்பேறு என்று காரணங்கள் பல. ஆனாலும் அசையாமல் நிற்பது படலத்துக்குச் செய்வதை மேலே பார்த்தோம். பள்ளியில் எங்களுக்குத் தெரிந்த எமில் சோலா 1883-ல் பாரிஸின் ஒரு மாபெரும் ஜவுளிக்கடையைப் பற்றி நாவல் எழுதினார். அதில் நாளெல்லாம் நின்று கால் நோகும் விற்பனைப் பெண்கள் வருவார்கள். இங்கிலாந்தில் 1899-லும், பிரான்சில் 1900 டிசம்பர் 29-லும் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காலில் கனம் என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் 'ழாம்ப் லூர்த்' என்று சொல்வார்கள். வெள்ளை அணுவும் படலமும் இதில் செய்யும் வேலையை அறியாத காலத்திலேயே அந்தக் கனம் சட்டசபைக்குப் போய்விட்டது.

நம் நாட்டில் கேரளம் 2018-ல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடைப் பெண்களின் போராட்டம் அதற்கு முன்னால் நின்றது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதாவை வைத்தார். நமக்குப் பக்கத்துத் திட்டக்குடித் தொகுதிக்காரர். 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரத் தகுந்த இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாள் முழுக்க நிற்பதால் உடல்நலம் கெடுகிறது என்பதையே காரணமாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அது பிந்தி வந்தது.

போன மாதம் என் பேத்தி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருச்சிக்குப் போனோம். மாப்பிள்ளையும் வந்தார், வேட்டிக்குள்ளே காலுறையோடு. சிரைக்குச் சிகிச்சை செய்துகொண்டார். இரண்டு வருஷமாகப் புண் இல்லை. அங்கே புடவை எடுத்துப் போட்ட பெண்ணுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடித்த சேலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம், "அம்மா, அந்தச் சேலையை எல்லாம் பலகை மேல வச்சிட்டுக் கொஞ்சம் உட்காரும்மா. நாங்க மெதுவா பார்த்துக்கறோம்" என்றார். அவள் மேற்பார்வையாளர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க ஐயா, பழகிடுச்சு" என்று சொல்லி அடுத்த சேலையை விரித்தாள்.

"நானும் இப்படித்தான் சொல்லுவேன் மாமா" என்றார் மாப்பிள்ளை, படி இறங்கும்போது.